மீட்டர் அசையவில்லை, படம் திக்குகிறது: கம்ப்யூட்டரில் இசையும் வீடியோவும் பழகுகிறவர்கள் கோளாறு பார்க்கும் வழி

ஒலி பதியும் ரீப்பரிலோ, வீடியோ எடிட் செய்யும் டாவின்சி ரிசால்விலோ புதிதாக உட்காருகிறவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி இப்படித்தான் தொடங்கும்: "அண்ணா, சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சு, அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடட்டுமா?" போடாதீர்கள். மறுபடி போட்டால் நீங்கள் மாற்றிய செட்டிங்கில் சிலது போகும், சிலது அப்படியே ஒட்டிக்கொண்டு இருக்கும், கோளாறு எங்கே இருந்தது என்பது கடைசிவரை தெரியாது. நான் பார்த்தவரை ஆரம்பத்தில் வரும் தொல்லைகளில் பெரும்பங்கு ஒரே வகைதான்: இரண்டு இடத்தில் இருக்கும் இரண்டு எண்கள் ஒத்துப்போகவில்லை. புராஜெக்ட் ஒரு சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை ஒலித் துளி என்ற எண்) சொல்கிறது, டிவைஸ் வேறொன்று சொல்கிறது. எடிட் நடக்கும் டைம்லைன் நொடிக்கு 24 பிரேம் என்கிறது, போன் 30 என்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு, கீழே உங்களுக்கு நடப்பது எதுவோ அதை மட்டும் படியுங்கள்.

ஒரே ஒரு ஒழுங்கு வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், மாற்றும் முன் பழைய எண்ணைப் போனில் ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து இடத்தில் கை வைத்துவிட்டு "இப்ப சரியாயிடுச்சு" என்றால் அடுத்த வாரம் அதே கோளாறு வரும்போது மறுபடி ஐந்து இடத்திலும் கை வைக்க வேண்டும்.

விண்டோஸ் லேப்டாப், 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன், பலர் கையில் இருப்பது அதுதான். (ரிசால்வுக்கு விண்டோஸில் 16 ஜிபி வேண்டும் என்று அதைச் செய்யும் பிளாக்மேஜிக் டிசைனே சொல்கிறது. 8-ல் ஓடும், ஆனால் முனகிக்கொண்டே ஓடும்.)

மைக்கில் கத்தினாலும் மீட்டர் அசையவில்லை

வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். மைக் கண்டென்சர் வகையா? அப்படியென்றால் ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) 48வி என்ற பட்டனை அழுத்தாமல் அது வாயே திறக்காது. கெயின் திருகு முழுக்க இடப்பக்கம் கிடக்கிறதா? நீங்கள் பேசும்போது இன்டர்ஃபேஸில் சிக்னல் காட்டும் பச்சை விளக்கு எரிகிறதா? விளக்கு எரிந்தால் மைக், வயர் இரண்டும் சரி, பிரச்சினை கம்ப்யூட்டருக்குள். எரியவில்லை என்றால் கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வழி கடந்துவிடலாம்.

கம்ப்யூட்டருக்குள் என்றால், ரீப்பரில் ஆப்ஷன்ஸ் → பிரிஃபரன்சஸ் → ஆடியோ → டிவைஸ் போய், அங்கே தேர்வாகி இருப்பது உங்கள் இன்டர்ஃபேஸா, லேப்டாப்பின் சொந்த சவுண்டா என்று பாருங்கள். டிராக்கில் பதிவுக்குத் தயார் செய்யும் சிவப்பு ஆர்ம் பட்டன் அழுத்தியிருக்கிறதா, இன்புட் 1-ல் மைக்கைச் சொருகிவிட்டு டிராக்கில் இன்புட் 2 என்று வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். லேப்டாப் மைக்கையே பயன்படுத்துகிறீர்கள் என்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி → மைக்ரோஃபோன் போய், டெஸ்க்டாப் ஆப்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று ஒரு பார்வை.

கீபோர்டு வாசித்தும் சத்தம் வரவில்லை என்பவர்களுக்கு ஒரு கேள்வி: எந்த வயர்? போன் சார்ஜருடன் வரும் சில மலிவு யுஎஸ்பி வயர்களில் கரண்ட் மட்டும்தான் போகும், டேட்டா போகாது. கீபோர்டில் விளக்கு எல்லாம் ஜோராக எரியும், கம்ப்யூட்டருக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இதில் தொலைத்திருக்கிறேன்.

பாடுகிறேன், என் குரல் கொஞ்சம் கழித்து என் காதில் விழுகிறது

இதுதான் லேட்டன்சி. முதலில் காதில் என்ன மாட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். புளூடூத் ஹெட்போன் என்றால் மேலே படிக்க வேண்டாம், கழற்றி வையுங்கள், வயர் உள்ளது ஒன்றை மாட்டுங்கள். புளூடூத்தில் வரும் தாமதத்தை எந்த செட்டிங்கும் தீர்க்காது. அதோடு அந்த ஹெட்போனின் மைக்கையே நீங்கள் தேர்ந்தெடுத்தால் அது போன் பேசும் வகைக்கு மாறி, பாட்டுக்கூட ரயில்வே அறிவிப்பு மாதிரி கேட்கும்.

வயர்தான் என்றால், அடுத்தது பஃபர் சைஸ். கம்ப்யூட்டர் சத்தத்தைச் சொட்டுச்சொட்டாகக் கையாளாது, ஒரு குடம் நிரம்பியதும்தான் ஊற்றும். அந்தக் குடத்தின் அளவுதான் பஃபர். நொடிக்கு 48,000 சாம்பிள் ஓடுகிறது, குடம் 1024 பிடிக்கும் என்றால் ஒரு குடம் நிரம்ப 21 மில்லிசெகண்ட். உள்ளே வர ஒரு குடம், வெளியே போக ஒரு குடம், ஆக 40-ஐத் தாண்டிவிடும், பாடுகிறவருக்கு அது நன்றாகவே உறுத்தும். 128-க்கு இறக்கினால் ஒரு குடத்துக்கு 2.7 மில்லிசெகண்ட்தான். அதனால் பாடும்போதும் வாசிக்கும்போதும் 128 அல்லது 256, மிக்ஸ் செய்யும்போது 1024. இது ஒரே எண்ணில் நிலையாக வைக்கும் விஷயம் இல்லை, வேலைக்கேற்ப ஏற்றி இறக்க வேண்டியது.

128 வைக்க விடமாட்டேன் என்றால் டிரைவர் சரியில்லை. விண்டோஸின் பொதுவான வழியில் போகாமல் ஏசியோ வழியில் போக வேண்டும். ஏசியோ என்பது ஸ்டைன்பெர்க் நிறுவனம் உருவாக்கிய முறை. உங்கள் இன்டர்ஃபேஸைச் செய்தவர்களின் தளத்தில் அதற்கான ஏசியோ டிரைவர் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. இன்டர்ஃபேஸே இல்லாதவர்கள் ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போடலாம். எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு அதனுடனேயே எஃப்எல் ஸ்டூடியோ ஏசியோ வந்துவிடும். ஏசியோ4ஆல் போட்டபின் "யூடியூபில் சத்தம் வரவில்லை" என்று ஓர் அழைப்பு வரும். அது கோளாறு இல்லை. அந்த டிரைவர் சவுண்டைத் தன் கையில் பிடித்துக்கொள்ளும், ரீப்பரை மூடினால் யூடியூபுக்குத் திரும்பக் கிடைக்கும்.

குரல் தாமதமாக இல்லை, ஆனால் இரட்டையாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்கிறதா? இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் (மைக்கை நேராகக் காதுக்கு அனுப்புவது) ஆன், ரீப்பரிலும் டிராக் மானிட்டர் ஆன். இரண்டில் ஒன்றை நிறுத்துங்கள்.

இடையிடையே டிக் டிக், பட் பட்

குடம் நிரம்பும் முன் ஊற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டால் அந்த ஓட்டைதான் டிக் என்று கேட்கும். பஃபரை ஏற்றிப் பாருங்கள். போய்விட்டால் சரி. 1024-லும் டிக் கேட்கிறது, சிபியு மீட்டரோ 20 சதவீதம்கூடத் தாண்டவில்லை என்றால் வேறு ஏதோ ஒரு டிரைவர் நடுவில் புகுந்து வழி மறிக்கிறது. வைஃபையை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள், பல லேப்டாப்புகளில் குற்றவாளி அங்கேதான் இருக்கிறான். லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவி எந்த டிரைவர் என்று பெயரோடு காட்டும். பவர் பிளானை ஹை பெர்ஃபாமன்ஸுக்கு மாற்றுங்கள், சார்ஜரைச் சொருகியே வேலை செய்யுங்கள்.

சார்ஜரைச் சொருகியதும் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் சேர்ந்துகொண்டால், அது வேறு கதை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த ஐம்பதும் அதன் மடங்குகளான 100, 150-உம் எர்த் சரியில்லாத இடத்தில் ஒலிக்குள் புகும். சார்ஜரைப் பிடுங்கினால் முனகல் நிற்கிறதா? நின்றால் சந்தேகம் எர்த் மேல்தான். மூன்று பின் பிளக்கை இரண்டு ஓட்டை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அழுத்திச் சொருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இருக்கும். நல்ல எர்த் உள்ள பிளக் பாயின்ட்டில் லேப்டாப், ஸ்பீக்கர், இன்டர்ஃபேஸ் எல்லாவற்றையும் ஒரே பாக்ஸில் போடுங்கள். அதற்குப் பதிலாக நாய்ஸ் ரிமூவல் போட்டு முனகலை எடுக்கப் போனால் குரலின் அடிவயிறும் சேர்ந்து போய்விடும்.

பாட்டு சுருதி ஏறிவிட்டது, அல்லது இறங்கிவிட்டது

எனக்குப் பிடித்த கோளாறு இது, ஏனென்றால் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி ஐந்து கட்டையில் பாடி அனுப்பினாள், நான் திறந்து கேட்டால் குரல் மெலிந்து, வேகமாக, கார்ட்டூன் பொம்மை பாடுவது போல் இருந்தது. சுருதிப்பெட்டி ஆப்பை ஓட்டிப் பார்த்தேன். ஐந்தரையிலும் நிற்கவில்லை, ஆறிலும் நிற்கவில்லை, இரண்டுக்கும் நடுவில் தொங்கியது. மனிதர் யாரும் அப்படி நடுவில் நின்று நான்கு நிமிடம் சுத்தமாகப் பாட மாட்டார்கள். அங்கேயே விஷயம் புரிந்துவிட்டது.

கணக்கு இதுதான். நொடிக்கு 44,100 சாம்பிள் வீதம் பதிவானதை 48,000 என்று நினைத்து ஓட்டினால் வேகம் சுமார் 8.8 சதவீதம் கூடும், சுருதி ஏறக்குறைய ஒன்றரை ஸ்வரஸ்தானம் ஏறும். அதனால்தான் ஐந்தரையையும் தாண்டி, ஆறையும் எட்டாமல் நின்றது. நான்கு நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40 நொடியில் முடிந்துவிடும். தலைகீழாக நடந்தால், அதாவது 48,000-ல் பதிவானதை 44,100 என்று ஓட்டினால், அதே பாட்டு 4 நிமிடம் 21 நொடிக்கு இழுக்கும், பாடுபவருக்குச் சளி பிடித்தது மாதிரி குரல் கனக்கும்.

எங்கே நடக்கிறது? புராஜெக்ட்டில் ஓர் எண், விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் ஓர் எண், இன்டர்ஃபேஸின் சொந்தப் பலகையில் ஓர் எண் என்று மூன்று இடம் இருக்கிறது. மூன்றையும் 48,000 என்று வைத்துவிடுங்கள், வீடியோவுக்குப் போகும் ஒலி 48,000-ல் இருப்பதுதான் வழக்கம்.

ஏற்கனவே பதிவானதைக் காப்பாற்றலாம், பிட்ச் ஷிஃப்ட் எதுவும் போடாதீர்கள். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டரில் திறந்து, டிராக் பெயரை அழுத்தினால் வரும் பட்டியலில் ரேட் என்பதில் சரியான எண்ணைத் தேர்ந்தெடுத்தால் போதும், சாம்பிள் எதையும் தொடாமல் லேபிளை மட்டும் மாற்றும். ரீப்பரில் என்றால் ஐட்டம் பிராப்பர்ட்டீஸில் பிளேபேக் ரேட்டை, ஏறிய பாட்டுக்கு 0.91875, இறங்கிய பாட்டுக்கு 1.0884 என்று கொடுங்கள். பிரிசர்வ் பிட்ச் என்ற டிக்கை எடுக்க மறக்காதீர்கள், எடுக்காவிட்டால் வேகம் மட்டும் சரியாகி சுருதி அங்கேயே நிற்கும்.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது

ஒரே மைக்கை ஸ்டீரியோ டிராக்கில் பதிந்துவிட்டீர்கள். டிராக் இன்புட்டை மோனோவுக்கு மாற்றிவிட்டு அடுத்த டேக் எடுங்கள். வீடியோவோடு வந்த ஒலி என்றால், ரிசால்வில் கிளிப்பை ரைட் கிளிக் செய்து கிளிப் ஆட்ரிபியூட்ஸ் → ஆடியோவில் ஸ்டீரியோவை மோனோ ஆக்கி, சத்தம் உள்ள சேனலைத் தேர்ந்தெடுக்கலாம்.

இதைவிட வஞ்சகமான ஒன்று உண்டு. ஹெட்போனில் அருமையாகக் கேட்கும், போன் ஸ்பீக்கரில் போட்டால் பேசுகிறவர் குரல் மட்டும் காணாமல் போய்விடும். இடதும் வலதும் ஒன்றுக்கொன்று தலைகீழாகப் பதிவாகி இருக்கிறது என்று அர்த்தம், இரண்டையும் கூட்டி ஒரே ஸ்பீக்கரில் விட்டால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். பொருத்தமில்லாத அடாப்டர் வழியாக மைக்கைக் கேமராவில் சொருகும்போது இது நடக்கும். ஒரு சேனலை எறிந்துவிட்டு மற்றதை மோனோவாக வைத்துக்கொள்ளுங்கள். எதையும் வெளியிடும் முன் ஒரு தடவை போன் ஸ்பீக்கரில் கேளுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

பிளக்இன் போட்டேன், பட்டியலில் இல்லை

சீக்கிரம் முடித்துவிடலாம். பிளக்இன் என்றால் ரீப்பருக்குள் சேர்த்துப் போடும் குட்டி சாஃப்ட்வேர், அது 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள், இரண்டும் இருந்தால் 64. விஎஸ்டி3 என்ற பிளக்இன் வகை என்றால் சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ் → காமன் ஃபைல்ஸ் → விஎஸ்டி3 என்ற ஃபோல்டரில் இருக்க வேண்டும். பழைய விஎஸ்டி2 டிஎல்எல் ஃபைல் என்றால் நீங்கள் எந்த ஃபோல்டரில் போட்டீர்களோ அந்த இடத்தை ரீப்பரின் பிரிஃபரன்சஸில் சொல்லிவிட்டு ரீஸ்கேன் கொடுங்கள். கிராக் செய்த பிளக்இன் என்றால் நான் எதுவும் சொல்வதற்கில்லை, ரீப்பருடன் வரும் ஈக்யூவும் (ஒலியின் கனம், மெல்லிசை ஏற்றி இறக்குவது) கம்ப்ரஸரும் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது) முதல் இரண்டு வருடத்துக்கு உங்களுக்குத் தாராளமாகப் போதும்.

டைம்லைனில் வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது

"ஆனா அதே வீடியோ விஎல்சியில நல்லா ஓடுதே!" ஓடும். ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதிக் கோபம் அடங்கிவிடும். போன் எடுக்கும் எச்.264, எச்.265 வீடியோவில் ஒவ்வொரு பிரேமும் முழுப்படம் கிடையாது. எப்போதாவது ஒரு பிரேம்தான் முழுப்படம், நடுவில் இருப்பதெல்லாம் "முன்னே இருந்ததில் இவ்வளவு மாறியது" என்ற குறிப்பு. மளிகைக் கடைப் பற்று நோட்டு மாதிரி. 17-ஆம் தேதி எவ்வளவு பாக்கி என்று கேட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். விஎல்சி முதல் வரியிலிருந்து வரிசையாகப் படிப்பதால் அதற்குச் சுலபம். நீங்களோ எடிட் செய்யும்போது 17, பிறகு 4, பிறகு 29 என்று தாவுகிறீர்கள், ஒவ்வொரு தாவலுக்கும் கம்ப்யூட்டர் மறுபடி கூட்ட வேண்டியிருக்கிறது.

தீர்வு பிராக்ஸி. ரிசால்வில் மீடியா பூலில் கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக், ஜெனரேட் பிராக்ஸி மீடியா, அப்புறம் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். கேடிஇன்லைவ் என்ற இலவச எடிட்டரில் புராஜெக்ட் செட்டிங்ஸில் பிராக்ஸியை ஆன் செய்தால் போதும். சின்னதாக, ஒவ்வொரு பிரேமும் முழுசாக இருக்கும் நகல் ஒன்று உருவாகும், எடிட் அதில் நடக்கும், கடைசியில் எக்ஸ்போர்ட் ஆவது அசல்தான். ரிசால்வின் டெலிவர் பக்கத்தில் யூஸ் பிராக்ஸி மீடியா என்பதில் டிக் இல்லாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், டிக் இருந்தால் உங்கள் 4கே வீடியோ மங்கலாக வெளியே வரும்.

பிராக்ஸி எடுக்க நேரமில்லை என்றால் ரிசால்வின் பிளேபேக் மெனுவில் டைம்லைன் பிளேபேக் ரெசல்யூஷனை ஹாஃப் அல்லது குவார்ட்டர் ஆக்குங்கள். அதிலும் திக்கினால் ஃபைல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பென்டிரைவில் வைத்தே எடிட் செய்கிறவர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு எந்த செட்டிங்கும் உதவாது, எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள்.

உதடு ஒன்று பேசுகிறது, சத்தம் ஒன்று பேசுகிறது

முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள்: விலகல் எப்போதும் ஒரே அளவா, போகப்போகக் கூடுகிறதா, ஒரு இடத்தில் கூடி இன்னொரு இடத்தில் குறைகிறதா? மூன்றுக்கும் மருந்து வேறு. கண்டுபிடிக்க வழி: ஷூட்டிங் தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல். தட்டவில்லையா, 'ப', 'ம' வரும் இடங்களைப் பாருங்கள், உதடு ஒட்டுவது கண்ணுக்குத் தெரியும்.

ஒரே அளவு என்றால் ஒலியை இரண்டு மூன்று பிரேம் நகர்த்திவிட்டு வேலையைப் பாருங்கள்.

சீராகக் கூடுகிறது என்றால் மறுபடியும் எண் சண்டை. 29.97-ல் எடுத்ததை 30 என்று நினைத்து ஓட்டினால் வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றுதான், ஆனால் ஒரு மணி நேரக் கச்சேரியின் முடிவில் அது 3.6 நொடி. நாகஸ்வரம் ஊதி முடித்து வாயிலிருந்து எடுத்தபின்னும் சத்தம் வந்துகொண்டிருக்கும். ரிசால்வில் புதுப் புராஜெக்ட் 24 பிரேமில் திறக்கும், முதல் கிளிப்பை இழுத்துப் போடும்போது பிரேம் ரேட் ஒத்துவரவில்லை, மாற்றட்டுமா என்று ஒரு பெட்டி கேட்கும். படிக்காமல் தட்டிவிடும் பெட்டி அதுதான். சேஞ்ச் கொடுங்கள். கொடுக்காமல் விட்டு எடிட்டும் பாதி முடிந்துவிட்டது என்றால், புராஜெக்ட் செட்டிங்கில் அந்த எண் மங்கிப்போய் மாற்ற விடாது. புது டைம்லைன் ஒன்று திறந்து, யூஸ் புராஜெக்ட் செட்டிங்ஸ் டிக்கை எடுத்தால் அதற்கென்று தனி பிரேம் ரேட் வைக்கலாம்.

கூடிக் குறைகிறது என்றால் போன்தான் காரணம். பல போன்கள் நொடிக்கு 30 பிரேம் என்று சொல்லிவிட்டு, மண்டபத்தில் வெளிச்சம் குறைந்தால் 30-க்குக் கீழே இறங்கும், வெளிச்சம் வந்தால் ஏறும். எடிட்டருக்கு இந்த இழுபறி பிடிக்காது. மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் ஃபைலைத் திறந்தால் பிரேம் ரேட் மோட் என்ற வரியில் வேரியபிள் என்று இருக்கும். என் சித்தி மகன் கல்யாண வீடியோவில் முகூர்த்தம் வரை எல்லாம் சரியாக இருந்து, மாங்கல்யதாரணத்தில் கெட்டிமேளம் அரை நொடி முந்திக்கொண்டது. நான் ஒலியை வெட்டி வெட்டி ஒட்டி மூன்று இரவு போராடினேன், கடைசியில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் கருவியில் போட்டு, வீடியோ பக்கத்தில் கான்ஸ்டன்ட் பிரேம்ரேட் தேர்ந்தெடுத்து, 30 என்று வைத்து, குவாலிட்டியை ஆர்எஃப் 18 பக்கம் (எண் குறையக் குறைய தரம் கூடும்) வைத்து மாற்றி எடுத்ததும் இருபது நிமிடத்தில் தீர்ந்தது. அன்றிலிருந்து போன் ஃபைல் எதுவும் ஹேண்ட்பிரேக் வழியாகப் போகாமல் என் டைம்லைனுக்குள் வருவதில்லை.

ஒலியைத் தனி ரெக்கார்டரில் எடுத்திருந்தால், எண்கள் எல்லாம் ஒத்திருந்தாலும் ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு பிரேம், சில நேரம் அதற்கு மேலும் விலகலாம். இரண்டு கடிகாரம் ஒரே மாதிரி ஓடுவதில்லை. பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் வெட்டி நகர்த்திவிடுங்கள்.

படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன

டியூப் லைட், மலிவு எல்ஈடி பல்பு இருக்கும் அறை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும், கேமரா 30 பிரேமில் ஷட்டர் 1/60 என்று இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. 25 பிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100. எடுத்த பிறகு எடிட்டில் சரி செய்வது கடினம், மறுபடி எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள்.

படம் வெளுத்துப்போய், முகம் எரிகிற மாதிரி இருந்தால் போன் எச்டிஆரில் (சாதாரணத்தைவிடக் கூடுதல் வெளிச்ச வீச்சைப் பதியும் முறை) எடுத்திருக்கிறது. ஐபோன் 12-இலிருந்து வந்த மாடல்கள் டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகையில் எடுக்கும். செட்டிங்ஸ் → கேமரா → ரெக்கார்ட் வீடியோவில் எச்டிஆர் வீடியோவை அணையுங்கள்.

டைட்டிலில் தமிழ் உடைகிறது

எப்படி உடைகிறது என்பதுதான் துப்பு. 'தமிழ்' என்று அடித்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகள் தெரிகிறதா? யாரோ ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள், உங்கள் கம்ப்யூட்டரில் பாமினி இல்லை. அதைத் தேடி இறக்குவதைவிட என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற கருவியில் போட்டு யூனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள், பத்திரிகை, பிரஸ் வேலைக்காரர்களிடமிருந்து வரும் டெக்ஸ்ட்டுக்கு இது அடிக்கடி தேவைப்படும்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்த எழுத்துருவில் தமிழே இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, கட்டமரன், பலூ தம்பி என்று கூகுள் ஃபான்ட்ஸிலேயே இலவசமாக நிறைய இருக்கின்றன.

எழுத்து தமிழ்தான், ஆனால் கொம்பு இடம் மாறி நிற்கிறது, 'மேகம்' என்பதில் கொம்பு 'ம'வுக்குப் பின்னால் போய்விட்டது, 'கொ'வில் கொம்பும் காலும் புள்ளி வட்டத்தோடு தனியே தொங்குகிறது என்றால் எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள். யூனிகோடில் 'மே' என்பது முதலில் ம, பிறகு கொம்பு என்றுதான் சேமிக்கப்படுகிறது, திரையில் வரையும்போது கொம்பை முன்னால் தள்ள வேண்டியது சாஃப்ட்வேரின் வேலை. அதைச் செய்யத் தெரியாத டெக்ஸ்ட் கருவி சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடும். அடோபியின் எடிட்டரான பிரீமியர் புரோவில் பிரிஃபரன்சஸ் → கிராபிக்ஸில் சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன் என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு டெக்ஸ்ட்டைப் புதிதாக அடியுங்கள். ரிசால்வில் ஒரு டைட்டில் வகையில் உடைந்தால் மற்றதில் முயன்று பாருங்கள். எதுவும் கேட்கவில்லையா, இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை சாஃப்ட்வேரில் அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜியாக எடுத்து டைம்லைனில் போட்டுவிடுங்கள். குறுக்கு வழிதான், ஆனால் 'ஸ்ரீ' என்றைக்கும் பிரிந்து நிற்காது.

சப்டைட்டில் எஸ்ஆர்டி ஃபைலில் மட்டும் குப்பையாக வந்தால் நோட்பேடில் திறந்து, சேவ் ஆஸில் என்கோடிங்கை யுடிஎஃப்-8 ஆக்குங்கள்.

திரை முழுக்கச் சிவப்பு, மீடியா ஆஃப்லைன்

ஃபைலை இடம் மாற்றினீர்கள், அல்லது பெயர் மாற்றினீர்கள், அல்லது பென்டிரைவைப் பிடுங்கிவிட்டீர்கள். புராஜெக்ட்டுக்குள் வீடியோ இருக்காது, அது இருக்கும் முகவரி மட்டும்தான் இருக்கும். ரிசால்வில் கிளிப்பை ரைட் கிளிக், ரீலிங்க், ஃபோல்டரைக் காட்டுங்கள். ரீப்பரில் இந்தத் தலைவலியே வராமல் இருக்க, சேவ் ஆஸ் செய்யும்போது புராஜெக்ட்டுக்குத் தனி ஃபோல்டர் உண்டாக்கு, எல்லா மீடியாவையும் அதற்குள் காப்பி செய் என்ற இரண்டு டிக்கையும் போட்டுவிடுங்கள். ரிசால்வில் புராஜெக்ட் தனி ஃபைலாகவே இருக்காது, டேட்டாபேஸுக்குள் இருக்கும். அதனால் விண்டோஸ் மாற்றும் முன் புராஜெக்ட் மேனேஜரில் ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் எடுத்து வையுங்கள்.

எக்ஸ்போர்ட் தகராறு

பென்டிரைவில் காப்பி செய்யும்போது "ஃபைல் டூ லார்ஜ்" என்கிறது, ஆனால் 20 ஜிபி காலி இருக்கிறது என்றால் அந்தப் பென்டிரைவ் எஃப்ஏடி32 முறையில் இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. உள்ளே இருப்பதை எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்யுங்கள்.

எக்ஸ்போர்ட் ஆனது நன்றாக இருக்கிறது, அத்தை போனில் மங்கலாக இருக்கிறது என்றால் வாட்ஸ்அப் அமுக்கிவிட்டது. டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும்.

மற்றவர் பாட்டைவிட என் பாட்டு சத்தம் குறைவாகக் கேட்கிறது என்று லிமிட்டரை (உச்சத்தை அமுக்கிச் சத்தத்தை ஏற்றும் கருவி) முட்டத் தள்ளாதீர்கள். யூடியூப் சத்தம் மிகுந்ததைச் சுமார் -14 எல்யுஎஃப்எஸ்ஸுக்கு (சத்தத்தின் அளவைக் குறிக்கும் அலகு) இறக்கிவிடும். நீங்கள் நசுக்கியது மட்டும்தான் மிஞ்சும்.

ஓபிஎஸ்ஸில் ரெக்கார்ட் ஓடும்போது கரண்ட் போய்விட்டது

ஓபிஎஸ் என்பது திரையில் நடப்பதைப் பதியும் இலவச சாஃப்ட்வேர். சாதாரண எம்பி4-ல் பதிவு செய்துகொண்டிருந்தால், அந்த ஃபைலின் அட்டவணை ரெக்கார்டிங் முடியும்போதுதான் எழுதப்படும். நடுவில் நின்றால் இரண்டு ஜிபி ஃபைல் இருக்கும், எந்த பிளேயரும் திறக்காது. ஓபிஎஸ் செட்டிங்ஸ் → அவுட்புட்டில் எம்கேவி என்று மாற்றிவிடுங்கள், அது கரண்ட் போன நொடி வரை இருந்ததைக் கொடுக்கும். பிறகு ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ் கொடுத்தால் தரம் குறையாமல் எம்பி4 ஆகிவிடும்.

ஏற்கனவே போய்விட்ட எம்பி4 கையில் இருந்தால் உடனே அழிக்காதீர்கள். அன்டிரங்க் என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. உடைந்ததை எடுத்த அதே ஓபிஎஸ்ஸில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால், அதைப் பார்த்து உடைந்ததற்கு அட்டவணை எழுத முயலும். அதை உடைந்த ஃபைலின் ஒரு காப்பியில் ஓட்டுங்கள், அசலை வேறு டிரைவில் தொடாமல் வையுங்கள்.